பாசம், மூன்று எழுத்து

பாசம் என்ற சொல்லைக் கட்டக்கா அந்த வருடத்தில் மட்டும் நான்கு முறை பயன்படுத்திவிட்டாள். குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்குக் கைகொடுக்கும் சொல் அது. மூன்றே எழுத்து, 'ம்'மில் முடிவதால் எந்த மூலையிலும் உட்கார வைக்கலாம். முதல் தடவை 'அன்பு' என்று குறிப்பு கொடுத்தாள். இரண்டாம் தடவை 'எமன் கையில் இருக்கும் கயிறு'. மூன்றாம் தடவை 'பற்று. விட்டால்தான் முக்தி என்பார்கள்'. நான்காம் தடவை சரக்குத் தீர்ந்துபோய் மறுபடியும் 'அன்பு' என்றே போட்டாள். ஆசிரியர் கூப்பிட்டு விட்டார்.

"என்னங்க, நம்ம பத்திரிகையில அன்புக்கு அவ்வளவு பஞ்சமா? வாசகருங்க கிண்டல் பண்றாங்க."

அந்த வார இதழில் அவளுக்கு வேலை மெய்ப்புப் பார்ப்பது. பதினோரு வருடங்களுக்கு முன்பு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, ஒரு வாரத்துக்கு மட்டும் என்று அவள் தலையில் கட்டினார்கள். அதிலிருந்து அலுவலகம் முழுக்க அவள் கட்டம் போடும் அக்கா; நாளடைவில் கட்டக்கா. இந்தப் பதினோரு வருடத்தில் குறுக்கெழுத்துக்கென்று ஒரு திருத்தம்கூட வெளிவந்ததில்லை. அதில் அவளுக்கு உள்ளூரக் கர்வம் உண்டு. நாற்பத்தாறு வயதில் அவளிடம் மிச்சமிருந்த கர்வமே அது ஒன்றுதான்.

ஐந்தாம் தடவைக்கான குறிப்பு தம்பி மகளின் படப் புத்தகத்திலிருந்து கிடைத்தது. வட்டக் கண்ணும் இளஞ்சிவப்பு மூக்குமாக, மரக்கிளையைக் கட்டிக்கொண்டு ஒரு பிராணி. பக்கத்தில் அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் 'பாசம்' என்று போட்டிருந்தது.

"பாத்தீங்களா அத்தை, பேரே பாசம்" என்றாள் அந்தப் பதினோரு வயதுக்காரி.

கட்டக்காவுக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. எப்போதோ எங்கேயோ படித்ததையும் சேர்த்து, இப்படி எழுதினாள்: 'வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் சிறு பிராணி. ஆபத்து வந்தால் செத்ததுபோல் நடிக்கும். அம்மாவிடம் தேடினாலும் கிடைக்கும். (3)'

இதழ் வெளியான வாரம் நாற்பத்தோரு கடிதங்கள் வந்தன. அப்படி ஒரு பிராணி இருந்தால் தன் வீட்டு முகவரிக்கு அனுப்பி வைக்கும்படி ஒருவர் கேட்டிருந்தார். இன்னொருவர் 'எருமை' என்று நிரப்பிவிட்டு, 'ம்' வர வேண்டிய கட்டத்தில் 'மை' வந்து உட்கார்ந்ததால் மேலிருந்து கீழ் ஐந்தும் ஒன்பதும் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டன என்று புலம்பியிருந்தார். எல்லாவற்றையும் படித்துச் சிரித்துவிட்டு நாற்பத்தோராவதைப் பிரித்தாள். தீவனக் கணக்குத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நெருக்கி நெருக்கி எழுதிய கடிதம் அது.

'பாசம் நடிக்காது. செத்ததுபோல் நடிப்பது ஒபாசம். அது அமெரிக்கா, பாசம் ஆஸ்திரேலியா. வேறு கண்டம், வேறு குடும்பம். எங்களிடம் இருந்த தாய்ப் பாசம் இந்த மாதம் ஏழாம் தேதி படுத்தது. நடிப்பாக இருந்திருந்தால் எழுந்திருக்கும். சந்தேகம் இருந்தால் நேரில் வரவும். காப்பாளர், சிறு பிராணிகள் பிரிவு, விலங்குப் பூங்கா.'

கட்டக்கா அதை மூன்று முறை படித்தாள். ஒபாசம் என்றால் நான்கு எழுத்து. அவள் கட்டத்தில் அடங்காது. அதைவிட, அந்த 'எழுந்திருக்கும்' அவளை என்னவோ செய்தது. புதன்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, படிக்க வேண்டிய மெய்ப்புத் தாள்களையும் பையில் திணித்துக்கொண்டு பூங்காவுக்குப் பேருந்து ஏறினாள்.

காப்பாளர் ஓர் ஆண் என்று ஏனோ நினைத்திருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட, கரகரத்த குரலுள்ள பெண் ஒருத்தி வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கழுத்திலிருந்து மார்போடு ஒட்டி ஒரு துணிப்பை தொங்கியது.

"கட்டம் போடுறவங்க நீங்கதானா? நான் வயசானவரா இருப்பாருன்னு நெனச்சேன்."

"நானும்தான்" என்றாள் கட்டக்கா. "நடிக்காதுன்னு எழுதியிருந்தீங்க. எந்தப் புத்தகத்துல இருக்குன்னு காட்டுங்க. நான் எதையும் கண்ணால பாக்காம திருத்த மாட்டேன்."

காப்பாளர் சிரித்துக்கொண்டே பையின் வாயைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். உள்ளே, கைக்குள் அடங்குகிற அளவில், முடி இப்போதுதான் வெல்வெட்டு மாதிரி அரும்பியிருந்த ஒன்று சுருண்டு கிடந்தது. காது இரண்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவில் பெரிது. கண் திறந்து நான்கு நாள் ஆகிறது என்றாள். தாய் இறந்த பிறகு அதன் வயிற்றுப் பையில் உயிரோடு கிடைத்த குட்டி.

"நூத்தி நாப்பது கிராம். மின்சார மெத்தையில வெச்சா குடிக்க மாட்டேங்குது. மனுஷ உடம்புச் சூடும் நெஞ்சுத் துடிப்பும் வேணும் தொரைக்கு. என் கூட வேலை பாக்குறவருக்குக் கால் முறிஞ்சு ரெண்டு மாசம் லீவு. நான் இதைக் கட்டிக்கிட்டே பெரிய கூண்டையெல்லாம் கழுவ முடியுமா, சொல்லுங்க?"

சொல்லி வாயை மூடவில்லை, நீர்நாய்த் தொட்டியில் குழாய் உடைந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். காப்பாளர் பையைக் கழற்றி, கேட்காமலே கட்டக்காவின் கழுத்தில் மாட்டினாள்.

"பத்து நிமிஷம் அக்கா. அசையாம உக்காந்திருங்க, போதும்."

பத்து நிமிடம் இரண்டு மணி நேரம் ஆயிற்று. தீவன அறையில் கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின் மேல் கட்டக்கா உட்கார்ந்தாள். முதலில் மூச்சு விடவே பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் நெஞ்சருகே ஒரு சின்னச் சூடு பரவியது. பிறகு மெதுவாக மெய்ப்புத் தாளை எடுத்து மடியில் விரித்துப் படிக்க ஆரம்பித்தாள். இருபது வருடமாக எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பழகிய உடம்பு. தோள் அசையாமல் அவளால் நாள் முழுக்க உட்கார முடியும். காப்பாளர் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தபோது, குட்டி ஒரு தடவைகூடக் கத்தவில்லை என்று தெரிந்தது. பால் கொடுத்துப் பார்த்தாள். சிந்தாமல் குடித்தது.

"நாளைக்கும் வர்றீங்களா?" என்றாள் காப்பாளர்.

"நான் திருத்தம் எழுதத்தான் வந்தேன்."

"எழுதுங்க. இங்கயே உக்காந்து எழுதுங்க."

அடுத்த இதழில் திருத்தம் வந்தது. 'சென்ற இதழ்க் குறுக்கெழுத்தில், பாசம் செத்ததுபோல் நடிக்கும் என்று தவறாக அச்சாகிவிட்டது. பாசம் நடிக்காது. வருந்துகிறோம்.' பதினோரு வருடக் கர்வம் அந்த நான்கு வரியில் போயிற்று. ஆனால் அவள் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. அதை வெட்டிக் கதவில் ஒட்டியிருப்பதாகச் சில வாசகர்கள் எழுதினார்கள். தன் மருமகனுக்கு ஒரு பிரதி அனுப்ப முடியுமா என்று ஒரு மாமியார் கேட்டார். ஆசிரியர், "வாரா வாரம் ஏதாவது ஒரு தப்பு விடுங்களேன்" என்றார்.

பூங்கா இயக்குநர் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுமதி கொடுத்தார். கட்டக்கா தினமும் காலை எட்டு மணிக்குப் போய், பன்னிரண்டு வரை குட்டியைச் சுமந்தபடி மெய்ப்புப் பார்த்துவிட்டு அலுவலகம் போனாள். மற்ற நேரமெல்லாம் அது காப்பாளரின் கழுத்தில் தொங்கியது.

வீட்டில் அவள் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. அந்த வீட்டில் அவள் பேச்சே அளவுதான். திருமணம் முறிந்து, பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று தம்பி வீட்டுக்கு வந்தவள். பத்து நாள் ஒன்பது வருடமாகிவிட்டது. பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த தம்பியோ, அவன் மனைவியோ ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அப்படியும் மற்றவர்கள் எழுவதற்கு முன்பே அவள் படுக்கை சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அவள் சோப்பு, அவள் சீப்பு, எல்லாம் ஒரு டப்பாவுக்குள். நாளையே கிளம்பச் சொன்னாலும் கால் மணி நேரத்தில் கிளம்பிவிடலாம் என்கிற மாதிரி வைத்திருந்தாள்.

ஆனால் குட்டிக்கு நாள் ஒன்றுக்கு ஆறு பை தேவைப்பட்டது. நனைத்துக்கொண்டே இருந்தது. பூங்காவில் இருந்தது மொத்தம் நான்கு. வீட்டின் முன்னறையில் தம்பி மனைவியின் பழைய தையல் இயந்திரம் இருந்தது. அக்கம்பக்கத்தாரின் கால்சட்டைகளுக்கு ஓரம் மடித்துத் தருவாள். அந்த இயந்திரத்தைச் சுற்றி இரண்டு நாள் நடந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் கட்டக்கா தொண்டையைக் கனைத்தாள்.

"உனக்கு நேரம் இருந்தா… ஒரு சின்ன உதவி. முடியாட்டி பரவாயில்ல."

விஷயத்தைச் சொன்னாள். தம்பி மனைவி இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

"ஒம்போது வருஷமா இந்த வீட்ல ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடுன்னு கேட்டதில்ல நீங்க. நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்னு எங்கம்மாகிட்டப் போய் அழுதிருக்கேன், தெரியுமா? இப்ப வாயத் தொறந்து ஒண்ணு கேக்குறீங்க, அதுவும் எலிக்குட்டிக்கு."

"எலி இல்ல, பாசம்."

"ஏதோ ஒண்ணு. பத்துப் பை தைச்சுத் தரேன் போங்க."

கேட்டது பருத்தித் துணிப் பை. தம்பி மனைவி அதோடு விடவில்லை. குளிருமே என்று வீட்டிலேயே மிருதுவான பூத்துவாலையை வெட்டி, ஒவ்வொரு பைக்கும் உள்பக்கம் வைத்துத் தைத்தாள். தம்பி மகள் நாடா கோத்தாள். பத்துப் பைகளையும் அடுக்கிக் கொடுத்தபோது கட்டக்கா மேலே இருந்ததை அமுக்கிப் பார்த்தாள். "ரொம்ப மெத்துமெத்துன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

அதன் பிறகு மாலையில் வீட்டுக்குள் நுழையும்போதே விசாரணை தொடங்கிவிடும். இன்னைக்கு எத்தனை கிராம்? எத்தனை தடவை குடிச்சான்? குட்டி அவர்கள் வாயில் 'அவன்' ஆகியிருந்தது. தம்பிகூட, கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "நம்ம ஆளு எப்படி இருக்கான்?" என்பான்.

மூன்றாவது வாரம் குட்டி பால் குடிப்பதைக் குறைத்தது. தீவன அறைச் சுவரில் எடையை எழுதி வைக்கும் தாளில் எண்கள் இறங்கின. நூற்றுத் தொண்ணூற்றாறு. நூற்றுத் தொண்ணூற்றைந்து. நூற்றுத் தொண்ணூற்றொன்று. பூங்கா மருத்துவர் வாயைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மருந்து கொடுத்தார். மறுநாள் நூற்று எண்பத்தாறு. காப்பாளரின் கரகரத்த குரல் இன்னும் கம்மிப் போயிருந்தது. "தாயில்லாததுங்க சில சமயம் இப்படித்தான் அக்கா. காரணமே தெரியாமப் போயிடும்" என்றாள்.

காரணமே தெரியாமல் என்பது கட்டக்காவுக்கு ஒத்துவராத பேச்சு. ஒரு பக்கத்தில் எங்கோ பிழை இருக்கிறது என்று தெரிந்தால் அது கண்ணில் படும்வரை அவள் தாளை விடமாட்டாள். அன்று மெய்ப்பை ஓரமாக வைத்துவிட்டுக் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரளும்போதெல்லாம் அது ஒரு சின்னச் சத்தம் எழுப்பியது. அசையாமல் இருந்தால் சத்தமில்லை. இடது பின்னங்காலை மட்டும் நீட்டாமல் மடக்கியே வைத்திருந்தது. பொடி எழுத்துப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கைப்பையிலிருந்து எடுத்து அந்தக் காலருகே பிடித்தாள். ஒரு விரல் மற்றவற்றைவிடப் பருத்து, நுனி கறுத்திருந்தது. பருத்த இடத்துக்குக் கீழே, சதைக்குள் புதைந்து, முடியைவிட மெல்லிய ஒரு கோடு.

நூல். பூத்துவாலையிலிருந்து பிரிந்த நூல்.

அவள் போட்ட சத்தத்தில் மருத்துவர் ஓடிவந்தார். கண்ணாடியை அவள் பிடித்துக்கொள்ள, ஊசி முனைக் கத்தரியால் அவர் அதை அறுத்து எடுத்தார். விரல் நுனி தேறாது, உயிருக்கு இனிமேல் பயமில்லை என்றார். அந்தத் துண்டு நூலை வெள்ளைத் தட்டில் வைத்தபோது அரை விரல்கூட நீளமில்லை.

"இந்தப் பையை யாரு தைச்சது?" என்று காப்பாளர் உரக்கக் கேட்டாள். பிறகு கட்டக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "என் தப்பும்தான். நகம் மாட்டாத துணியா இருக்கணும், தையல் வெளிப்பக்கம் வரணும்னு நான் சொல்லியிருக்கணும். ஆனா இந்தப் பத்தும் இனிமே ஆகாது அக்கா."

அன்று மாலை பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் அவள் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. என்ன சொல்வது? பை போதும், இனிமேல் வேண்டாமாம் என்று சொல்லிவிடலாம். யார் மனமும் நோகாது. ஒன்பது வருடமாக அவள் அந்த வீட்டில் செய்து வந்தது அதுதான். பிடிக்காத நிறத்தைப் பிடித்திருக்கிறது என்றும், பசித்தபோது பசியில்லை என்றும். கடையில் துணி வாங்கி வேறு யாரிடமாவது தைத்துக்கொள்ளலாம். நிறுத்தம் வருவதற்குள் அந்தப் பொய்க்கான வாக்கியத்தைக்கூடத் திருத்தமாக அமைத்துவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது தம்பி மனைவி இயந்திரத்தில் இருந்தாள். மடியில் இன்னும் இரண்டு பை. உள்ளே வைக்க, புதுத் துவாலையையே வெட்டியிருந்தாள்.

"எடை ஏறிச்சா அக்கா?"

அமைத்து வைத்திருந்த வாக்கியம் வாயில் வரவில்லை.

"நூல் சுத்திக்கிச்சு" என்றாள் கட்டக்கா. "துவாலை நூலு. கால் விரல்ல. அதனாலதான் குடிக்கல. இப்ப எடுத்தாச்சு, பொழைச்சுக்குவான். விரல் நுனி மட்டும் போயிடும்."

இயந்திரச் சக்கரம் தானாகச் சுற்றி நின்றது. தம்பி மனைவி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தம்பி தலையைச் சொறிந்தான்.

"ஏன்க்கா, வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்ல? அவ ராத்திரி பகலா உக்காந்து தைச்சா."

"அதனாலதான்டா சமாளிக்க முடியல" என்றாள். "கேட்டவ நான். வாங்கிட்டுப் போனவ நான். இருபது வருஷமா ஊரான் எழுத்துல பிழை பாக்குறவ, ஒரு பையைத் திருப்பி உள்ள பாக்கல. தப்புல எனக்கும் பாதி."

கதவு திறந்தது. தம்பி மனைவிக்குக் கண் சிவந்திருந்தது. கையில் தையல் பிரிக்கும் பிளேடு.

"அந்தப் பத்தையும் எங்க வெச்சீங்க?"

"பைல இருக்கு. தூக்கிப் போடச் சொன்னாங்க, மனசு வரல."

"எடுங்க. நீங்க அந்தப் பக்கத்தைப் பிரிங்க, நான் இந்தப் பக்கம். என்ன துணி வேணும், தையல் எப்படி வரணும், ஒண்ணு விடாம சொல்லுங்க. நான் பாட்டுக்கு அன்பைக் காட்டுறேன்னு எதையாவது வெச்சா, வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க. புரியுதா?"

"புரியுது."

"துவாலை மட்டும் இல்ல. எல்லாத்துலயும்."

கட்டக்கா முதல் பையை எடுத்து மடியில் வைத்தாள். "அப்படின்னா, போர்வைக்குப் போடுற அந்த வாசனைப் பொடி எனக்கு ஆகல. நாலு வருஷமா தும்மிக்கிட்டு இருக்கேன்."

தம்பி வாய்விட்டுச் சிரித்துவிட்டான். தம்பி மனைவி முறைத்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குள் பத்துப் பைகளும் பிரிந்து, பருத்தித் துணி மட்டும் உள்ளே வைத்து, தையல் வெளியே தெரிய மீண்டும் பைகளாயின. ஒவ்வொன்றையும் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, கட்டக்கா ஓரத்தில் ஒரு சின்னச் 'சரி' போட்டாள்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே பூங்காவுக்குப் போனார்கள். தீவன அறை வாசலில் தம்பி மனைவி தயங்கி நின்று, "நான்தாங்க தைச்சேன்" என்றாள், குற்றவாளிக் கூண்டில் நிற்பவளைப் போல. காப்பாளர் புதுப் பை ஒன்றை வாங்கி, திருப்பி, உள்ளே விரலை விட்டுத் துழாவினாள். பிறகு குட்டியை அதில் போட்டு, தைத்தவள் கழுத்திலேயே மாட்டிவிட்டாள்.

"பத்து நிமிஷம் புடிங்க. கீரிக்குத் தண்ணி வெச்சிட்டு வரேன்."

"ஐயோ, எனக்கா? அக்கா, இவங்க என்ன இப்படி…" தம்பி மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு வாளியின் மேல் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் கழித்து மெல்லச் சொன்னாள்: "அக்கா, என் விரலைப் புடிச்சிக்கிட்டான்."

அன்று குட்டி பாதி அளவு குடித்தது. அதற்கடுத்த நாள் முழு அளவு. விரல் நுனி காய்ந்து உதிர்ந்தது. சுவரில் இருந்த எண்கள் ஏறத் தொடங்கின. இருநூறு, இருநூற்றுப் பதினைந்து, முந்நூறு. பையிலிருந்து தலை எட்டிப் பார்த்தது, பிறகு உடம்பும். ஒரு காலையில் அது கட்டக்காவின் தோளில் ஏறி முதுகில் ஒட்டிக்கொண்டு, அவள் மெய்ப்புப் பார்க்கும்போது பேனாவைப் பிடுங்கப் பார்த்தது. தாயின் முதுகில் சவாரி செய்கிற வயது வந்துவிட்டது என்றாள் காப்பாளர். அந்த வாரம் வெளிவந்த ஒரு கட்டுரையில் 'மூதறிஞர்' என்பது 'முதறிஞர்' என்றே போய்விட்டது. கட்டக்கா ஒருவர் மேலும் பழி போடவில்லை.

குட்டியைப் பெரிய கூண்டில் விடும் நாளை இயக்குநர் குறித்தார். பாசம் அந்தி சாயும்போதுதான் சுறுசுறுப்பாகும் என்பதால், மாலை வெயில் மஞ்சளாகும் நேரத்துக்கு எல்லோரும் போனார்கள். தம்பி பணிமனைச் சட்டையோடு, தம்பி மகள் பள்ளிப் பையோடு. கூண்டுக்குள் ஒரு முழு மரம் இருந்தது. காப்பாளர் பையை அடிமரத்தருகே பிடித்து வாயைத் திறந்தாள். முதலில் மூக்கு. பிறகு காது. பிறகு ஒரே தாவலில் அது மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு, ஒரு விரல் நுனி இல்லாத காலை ஊன்றி, விறுவிறுவென்று மேலே ஏறி இலைக்குள் போய்விட்டது.

"திரும்பிக்கூடப் பாக்கல பாருங்க!" என்றாள் தம்பி மனைவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"திரும்பிப் பாத்திருந்தா எனக்குக் கவலையாப் போயிருக்கும்" என்றாள் காப்பாளர்.

கட்டக்காவின் நெஞ்சில், இரண்டரை மாதமாகச் சூடாக இருந்த இடத்தில், லேசாகக் காற்றுப் பட்டது. இலைகளுக்கிடையே கிளை ஒன்று ஆடியது, பிறகு அதற்கு மேல்கிளை. நிதானமாக, அது எட்டிய உயரத்தையெல்லாம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். வருத்தமாக இருக்கும் என்று நினைத்து வந்திருந்தாள். வயிறு பசித்தது, வீட்டுக்குப் போய் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் போல இருந்தது.

வாசல் வரை வந்து வழியனுப்பிய காப்பாளர், "அப்புறம் ஒண்ணு" என்று இழுத்தாள். "திங்கக்கிழமை மூணு அணில் குட்டி வருது. புயல்ல மரம் விழுந்து கூடு போயிடுச்சாம். இதைவிடச் சின்னப் பையா வேணும்."

கட்டக்கா வாயைத் திறப்பதற்குள் தம்பி மனைவி கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துவிட்டாள். "எவ்வளவு சின்னது? உள்ளங்கை அளவா? சரியாச் சொல்லுங்க, அப்புறம் நான் பாட்டுக்கு ஒண்ணு தைச்சிடுவேன்."

பேருந்து வந்தபோதும் அந்தப் பேச்சு முடியவில்லை. தம்பியும் மகளும் முன்னால் ஏறிக்கொள்ள, இரண்டு பெண்களும் பின்னிருக்கையில் உட்கார்ந்து, மூன்று குட்டிக்கும் ஒரே பையா, ஆளுக்கொரு பையா என்று இறங்க வேண்டிய நிறுத்தம் வரை சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.